எதிலிருந்து முப்பத்தாறு?

போன மாதம் பெரம்பலூரில் லேப் படிப்புப் படிக்கிற பிள்ளைகளிடம் கொஞ்ச நேரம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ரிட்டயர்டு ஆளைக் கூப்பிட்டால் என்ன பேசுவான்? "எங்க காலத்துல" என்று ஆரம்பித்துக் கேட்கிறவர்களைக் கொட்டாவி விட வைப்பான். அந்த வார்த்தையை வாயில் வரவிடக் கூடாது என்று குரும்பலூரில் பஸ் ஏறும்போதே முடிவு செய்துகொண்டு போனேன். ஓரளவுக்கு ஒழுங்காகவும் பேசினேன். முடித்ததும் முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"சார், மெஷின் நாப்பதுன்னு காட்டுது. ட்யூபைச் சுத்திப் பார்த்தாலும் நாப்பதுதான் வருது. ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா ரிசல்ட் கரெக்ட்தானே? கரெக்டா குடுத்துட்டா நம்ம வேலை முடிஞ்சிடுச்சுல்ல?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது என்னோடு வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. "உக்காரும்மா, சொல்றேன்" என்றேன். அதற்குள் டீ வந்துவிட்டது. டீ வந்த பிறகு யார் கேட்பார்கள்? பஸ்ஸில் திரும்பி வரும்போது நெஞ்சு குறுகுறுத்துக்கொண்டே இருந்தது. அவளுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் நாற்பது என்றால் என்ன என்று மற்றவர்களுக்காகச் சொல்லிவிட வேண்டும். ரத்தம் ஒரே பொருள் இல்லை. சிவப்பணுக்கள் ஒரு பங்கு, அவை மிதக்கிற வெளிர்மஞ்சள் நீர் ஒரு பங்கு. அந்த நீர்தான் பிளாஸ்மா. தீக்குச்சியை விட மெல்லிய கண்ணாடி ட்யூபில் ரத்தத்தை ஏற்றி, ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்து, வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் வைத்தால் அணுக்கள் அடியில் போய் இறுகும், நீர் மேலே தெளிந்து நிற்கும். நூற்றில் அணுக்கள் எத்தனை பங்கு என்று அளவுகோலில் வைத்துப் பார்ப்போம். அதை நாங்கள் பி.சி.வி. என்போம். மூன்றால் வகுத்தால், ஊரில் "ரத்தம் எத்தனை பாயிண்ட்" என்று கேட்கிறார்களே, அந்த எண் ஏறக்குறைய வந்துவிடும். இப்போதைய மெஷின் ட்யூப் இல்லாமலே அணுக்களை எண்ணி அதே கணக்கைப் போட்டுவிடுகிறது. மெஷின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. எங்கள் லேபுக்கு அது வந்து இறங்கிய அன்றைக்குத் தேங்காய் உடைத்ததே நான்தான்.

நான் வேலை கற்றுக்கொண்டது திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில். கற்றுக்கொண்ட கதையில் ஒன்றும் இல்லை. பாட்டில் கழுவினேன், திட்டு வாங்கினேன், திட்டியவர்கள் ரிட்டயர் ஆனதும் நான் திட்ட ஆரம்பித்தேன். அங்கே மேல்படிப்புப் படிக்க வந்திருந்த டாக்டர் மெகருன்னிசாவுக்கு ஆய்வுக்குக் கொடுத்திருந்த தலைப்பு, நோயாளியின் உடம்பில் பிளாஸ்மா மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதில் எந்த முறை நம்பகமானது என்பது. கை நடுங்காமல் ரத்தம் எடுக்கிறவன் என்று என்னை அவருக்கு ஒதுக்கிவிட்டார்கள்.

ஒரு முறையில் நீலச் சாயம். ஒரு கையில் சாயத்தை அளந்து ஏற்றுவோம். அது பிளாஸ்மாவில் இருக்கிற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு உடம்பு முழுக்கச் சுற்றும். அப்புறம் இன்னொரு கையிலிருந்து விட்டு விட்டு ரத்தம் எடுத்து, நீலம் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று கருவியில் பார்ப்போம். ஒரு ஸ்பூன் சாயத்தைச் சொம்புத் தண்ணீரில் கலந்தால் திட்டமாகத் தெரியும், அண்டாவில் கலந்தால் வெளுத்துப்போகும். அவ்வளவுதான் சூத்திரம். இரண்டாவது முறையும் இதே மாதிரிதான், சாயத்துக்குப் பதில் கதிர்வீச்சுள்ள புரதம். மூன்றாவது, ஆளின் உயரம், எடை, பி.சி.வி. மூன்றையும் வைத்துக் காகிதத்திலேயே போடுகிற கணக்கு. சாதாரண நோயாளிகளிடம் மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. ஆனால் ரத்தக் குழாய்களே கசிகிற நோயாளிகள் இருக்கிறார்களே, உடம்பு வெந்தவர்கள், கடுமையாக விஷம் ஏறியவர்கள், அவர்களிடம் கதை மாறியது. புரதம் குழாயை விட்டு வெளியே கசியும்போது சாயமும் கூடவே போய்விடும். ரத்தத்தில் நீலம் குறைந்ததும் கணக்கு என்ன சொல்லும்? ஆளுக்கு உள்ளே நிறைய பிளாஸ்மா இருக்கிறது என்று சொல்லும். உள்ளே ஆள் வற்றிக்கொண்டிருப்பார்.

"தங்கராசு, யாருக்கு இந்த அளவு உயிர் போற அவசியமோ, அவங்ககிட்டதான் இது பொய் சொல்லுது" என்றார் டாக்டர் ஒரு நாள். அந்த ஆய்வு முடிந்ததும் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் போனோம். பல வருஷம் கழித்து, அரியலூரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு அவர் தலைமை மருத்துவராக வந்து சேர்ந்தார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். வார்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும், இவருக்கு மரியாதை ஏறும். "தங்கராசு, இங்க வாங்க" என்றால் சாதாரணம். "தங்கராசு சார், கொஞ்சம் வர முடியுமா?" என்றால் கோபத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். வெறும் எண்ணை அவர் கையில் வாங்கவே மாட்டார். எந்தக் கையில் எடுத்தீங்க, டிரிப் ஓடுற கையா, கையில போட்ட ரப்பர் கட்டை எவ்வளவு நேரம் இறுக்கி வெச்சிருந்தீங்க, விரலைப் பிசைஞ்சீங்களா, என்று கேட்பார். காரணம் இருக்கிறது. டிரிப் ஓடுகிற கையில் எடுத்தால் ரத்தம் நீர்த்துப்போகும். கட்டு நேரமானால் கெட்டிப்படும். விரலைப் பிசைந்தால் சதையில் இருக்கிற நீரும் சேர்ந்து வரும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் தினம் கேட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது! ஆனாலும் ஒரு தடவைகூட அவரிடம் பதில் இல்லாமல் நின்றதில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

அது முந்திரி சீசன். உடையார்பாளையம் பக்கம் முந்திரிக் கொல்லைகளில் பெண்கள் குனிந்தபடியே சருகைக் கிளறிக் கொட்டை பொறுக்குவார்கள். சருகின் நிறமும் கண்ணாடி விரியனின் நிறமும் ஒன்று. அப்படித்தான் வளர்மதியைக் கணுக்காலில் கடித்தது. முப்பது வயது தாண்டியிருக்கும், ஒரு பெண் குழந்தைக்குத் தாய். பக்கத்து ஆஸ்பத்திரியில் உடனே விஷமுறிவு மருந்து ஏற்றி, ரத்தம் உறைகிறதா என்று கண்ணாடிக் குழாயில் வைத்து வைத்துப் பார்த்து, உறைய ஆரம்பித்ததும் பிழைத்துவிட்டாள் என்று எல்லோரும் மூச்சு விட்டிருக்கிறார்கள். பாம்புக்கடி அவசரத்தில் அந்தச் சோதனைதான் முதலில் பார்க்க வேண்டியது, அதை அவர்கள் சரியாகவே பார்த்தார்கள். ரத்தம் எத்தனை பாயிண்ட் என்று பார்க்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த நாள் பிரஷர் இறங்கிவிட்டது, சிறுநீர் நின்றுவிட்டது. எங்களிடம் அனுப்பினார்கள்.

நான் ரத்தம் எடுக்கப் போனபோது அவளைப் பார்த்துத் திடுக்கிட்டேன். முகம் உப்பி, காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் புடைத்து, கண்ணின் வெள்ளை நுங்கு மாதிரி வீங்கித் தளதளவென்று இருந்தது. நினைவு இருந்தது. "தண்ணி" என்று மட்டும் கேட்டாள். டிரிப் ஓடாத கையில், கட்டை இறுக்காமல் எடுத்தேன். மெஷினில் முப்பத்தாறு. நம்பாமல் ட்யூபிலும் சுற்றினேன், அதிலும் முப்பத்தாறு. மேலே நின்ற நீர் சிவக்காமல் சுத்தமாகத் தெளிந்திருந்தது, அணுக்கள் உடையவில்லை. ஒரு பெண்ணுக்கு முப்பத்தாறு என்றால் பன்னிரண்டு பாயிண்ட். எங்கள் பக்கம் வேலைக்குப் போகிற பெண்களிடம் அந்த எண்ணைப் பார்ப்பதே அபூர்வம்.

டியூட்டி டாக்டர் பிரவீன் சின்ன வயசு, நல்ல படிப்பாளி. அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது.

"மேடம், உடம்பு பூரா நீர் வெச்சிருக்கு. யூரின் இல்ல. விரியன் கடிச்சா கிட்னி போறது நமக்குத் தெரிஞ்சதுதான். பி.சி.வி. நார்மல், உள்ள ரத்தக்கசிவும் இல்ல, நீர் வத்தவும் இல்ல. இதுக்கு மேல டிரிப் போட்டா லங்ஸ்ல தண்ணி ஏறி மூழ்கிடுவாங்க. டிரிப்பை நிறுத்திட்டு, டயாலிசிஸுக்குத் திருச்சி அனுப்பிடலாம்."

டாக்டர் மெகருன்னிசா நோயாளியின் கண் இமையை விலக்கிப் பார்த்தார். ட்யூபை என் கையிலிருந்து வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வழக்கமான கேள்விகளைக் கேட்டார். நானும் வழக்கமான பதில்களைச் சொன்னேன்.

"முப்பத்தாறு சரிதான். எதுலேர்ந்து முப்பத்தாறு, தங்கராசு?"

"என்ன மேடம் கேக்குறீங்க? மெஷின்லயும் முப்பத்தாறு, ட்யூப்லயும் முப்பத்தாறு."

"அது இல்லை. பாம்பு கடிக்கறதுக்கு முன்னாடி இவங்களுக்கு எவ்வளவு இருந்துச்சு?"

"அதை நான் எப்படி மேடம் சொல்றது? அன்னிக்கு நான் கொல்லையில நின்னுட்டு இருந்தேனா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வெளியில வூட்டுக்காரர் இருப்பாரு. விசாரிச்சுட்டு வாங்க. முன்னாடியும் இதே அளவுதான்னா பிரவீன் சொல்றது சரி, டிரிப்பை நிறுத்தணும். முன்னாடி கம்மின்னா, குழாயில இருக்கற நீர் பூரா சதைக்குள்ள கசிஞ்சு ரத்தம் கெட்டிப்பட்டிருக்கு. அப்ப டிரிப்பை நிறுத்தினா நாமளே கொன்ன மாதிரி."

இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. நிறுத்தினாலும் சாகலாம், திறந்தாலும் சாகலாம். நான் கொடுத்த எண் சரியாக இருந்தும் எது என்று சொல்ல அதால் முடியவில்லை.

லேபை ஒட்டிய நடையில் ஒரு ஆள் செல்போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் சிமெண்ட் புழுதி. அவர்தான் வளர்மதியின் புருஷன் கலியபெருமாள், லாரியில் சிமெண்ட் மூட்டை ஏற்றுகிற லோடுமேன்.

"ஏறிடுச்சு அத்தை! பன்னெண்டு பாயிண்ட்டாம்! நர்ஸம்மாவே சொன்னாங்க! நான் அப்பவே சொன்னேன்ல!"

"யோவ், ஆஸ்பத்திரியா சந்தையா? என்னத்த ஏறிடுச்சு?" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் முகமெல்லாம் சிரிப்பு. "ரத்தந்தான் சார்! மூணு மாசத்துக்கு முந்தி எங்கூர்ல கேம்ப் போட்டப்ப எட்டு பாயிண்ட்தான் இருக்குன்னு பயமுறுத்துனாங்க. அன்னியிலேர்ந்து பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, கேம்ப்ல குடுத்த மாத்திரை, ஒண்ணு விடல சார். இப்பப் பாருங்க, பன்னெண்டு! பாம்பு கடிச்சும் பன்னெண்டு!"

ஓடினேன். அந்த வயதில் வார்டுக்குள் நான் ஓடியதைப் பார்த்து நர்ஸ் பயந்துபோனார். "எட்டு மேடம், எட்டு பாயிண்ட் இருந்திருக்கு" என்றேன் மூச்சு வாங்க.

பிரவீன் மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டுவிட்டார். அவர் முகம் வெளுத்தது. "எட்டுலேர்ந்து பன்னெண்டுன்னா கிட்டத்தட்ட பாதி பிளாஸ்மா வெளியில போயிருக்கு மேடம்." அடுத்த நொடியே அவரே நிறுத்தினார். "ஆனா அது மூணு மாசம் முந்தின கணக்கு. இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டிருந்தா நிஜமாவே பன்னெண்டுக்கு ஏறியிருக்கலாமே? அப்ப நாம டிரிப்பைத் திறந்தா?"

அவர் கேட்டதும் நியாயம். மாத்திரை ஏற்றியதா, விஷம் ஏற்றியதா? எண்ணில் அது எழுதியிருக்காது. நீலச் சாயம் கையில் இருந்திருந்தாலும் இவளிடம் அது பொய்தான் சொல்லியிருக்கும்.

டாக்டர் நர்ஸிடம் திரைச்சீலையை இழுக்கச் சொன்னார். அதற்குள் கலியபெருமாள் என் பின்னாலேயே வந்து கட்டிலருகில் நின்றுவிட்டிருந்தார். "நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்று அவரை அனுப்பிவிட்டு, வளர்மதியின் காதருகே குனிந்தார்.

"வளர்மதி, கேம்ப்ல குடுத்த மாத்திரையைச் சாப்பிட்டியாம்மா?"

அவள் வீங்கிய கண்ணால் திரையைப் பார்த்தாள்.

"அவரு வெளியில போயிட்டாரு. யாரும் உன்னைத் திட்டமாட்டாங்க. நீ சொல்றதை வெச்சுத்தான் நான் வைத்தியம் பண்ணணும்."

"குமட்டுச்சும்மா" என்றாள், வார்த்தை வார்த்தையாக. "ரெண்டு நாளு முழுங்குனேன். அப்பறம் மாட்டுத் தொட்டிக்குப் பின்னால போட்டுட்டேன்."

"பேரீச்சம்பழம்?"

"பாப்பா கேக்கும். அதுக்குக் குடுத்துட்டேன்."

அந்த மனுஷன் வெளியே ஊரையே கூட்டி ரத்தம் ஏறிவிட்டது என்று கொண்டாடிக்கொண்டிருக்கிறான், இவள் இங்கே சாகக் கிடந்தும் அவனுக்குத் தெரியக் கூடாது என்று திரையைப் பார்க்கிறாள். டாக்டர் நிமிர்ந்தார். "பிரவீன், டிரிப்பைத் திறங்க. மொத்தமா வேணாம், கொஞ்சம் கொஞ்சமா. ஒவ்வொரு தடவையும் நெஞ்சுல ஸ்டெதாஸ்கோப் வெச்சுக் கேட்டுட்டு அடுத்ததைக் குடுங்க. ரத்த வங்கியில பிளாஸ்மா பை சொல்லிடுங்க. திருச்சிக்கு இப்ப வேணாம், இந்தப் பிரஷரோட ரோட்டுல போனா தாங்கமாட்டாங்க. தங்கராசு, நீங்க என்கூட இருங்க."

அன்றைக்குப் பகல் முழுக்க எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். டாக்டர் சொன்னபோதெல்லாம் சொட்டு ரத்தம் எடுத்து ட்யூபில் ஏற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். எண் இறங்கினால் நீர் குழாய்க்குள் நிற்கிறது என்று அர்த்தம். ஏறினால், ஊற்ற ஊற்ற வெளியே போகிறது என்று அர்த்தம்.

அடுத்த ட்யூப் நாற்பது.

நான் லேபை விட்டு வெளியே வரும்போது கலியபெருமாள் வாசலிலேயே நின்றார். "எத்தனை சார்?"

சொல்லாமல் போகத்தான் நினைத்தேன். ஆனால் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நாப்பது" என்றேன்.

"அப்படின்னா எத்தனை பாயிண்ட்டு?"

"பதிமூணு."

"பதிமூணா! இன்னும் ஏறுதா!" அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டார். அவர் வாயைப் பொத்தவேண்டும் போல் இருந்தது எனக்கு. "கலியபெருமாள், இது ஏறக்கூடாதுய்யா, இறங்கணும்" என்றேன். அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போல் பார்த்தார்.

அதற்கடுத்தது நாற்பத்திரண்டு. வார்டில் வளர்மதி இருமத் தொடங்கியிருந்தாள். பிரவீன் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, "அடியில கரகரன்னு கேக்குது மேடம்" என்றார். நுரையீரலில் நீர் சேர ஆரம்பித்துவிட்டது. குழாய் வற்றிக்கிடக்கிறது, நுரையீரல் நனைகிறது. ஆக்சிஜன் வைத்தார்கள். பிரஷர் ஏற்றும் மருந்தை ஆரம்பித்தார்கள். டிரிப்பைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் பிளாஸ்மா பையை மாட்டினார்கள். டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்றபடியே என்னிடம், "தங்கராசு சார், அடுத்ததைத் தயவுசெஞ்சு கொஞ்சம் சீக்கிரம் பார்த்துச் சொல்ல முடியுமா?" என்றார். அவர் கோபம் என்மேல் இல்லை, விஷத்தின் மேல் என்பது புரிந்தது. லேபுக்கு ஓடி அடுத்த ட்யூபைச் சுற்றினேன்.

நாற்பத்திரண்டேதான்.

ஏறவில்லையே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். நர்ஸ் சிறுநீர்ப் பையைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பை காலியாகவே தொங்கியது. வெளியே கலியபெருமாள் பதினாலு பாயிண்ட் என்று யாருக்கோ போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. "ஆம்பளைக்குக்கூட இவ்வளவு இருக்காதாம்டா!" டாக்டர் கண்ணை மூடித் திறந்தார்.

வெயில் சாய்ந்த பிறகு எடுத்தது நாற்பத்தொன்று. ஒன்றுதானே குறைந்தது, அது என் கண் பார்த்ததில் வந்த பிழையாகக்கூட இருக்கலாம். இன்னொரு ட்யூப் வைத்தேன், அதுவும் நாற்பத்தொன்று. மெஷினில் வைத்தேன், நாற்பதரை. அதன் பிறகு வந்தது முப்பத்தெட்டு. அதை எடுத்துக்கொண்டு வார்டுக்குள் நுழையும்போதே நர்ஸ் குரல் கேட்டது.

"மேடம், யூரின் வருது!"

ஒரு மனுஷியின் சிறுநீருக்காக நான் அழுதேன் என்றால் சிரிக்காதீர்கள். டாக்டர், "அல்ஹம்துலில்லாஹ்" என்று முணுமுணுத்துவிட்டு, அதே மூச்சில் டிரிப்பை இன்னும் குறைக்கச் சொன்னார். வெளியே போன நீர் இனிமேல் குழாய்க்குள் திரும்பி வரும், அப்போது நாமும் ஊற்றிக்கொண்டிருந்தால் நிஜமாகவே மூழ்கிவிடுவாள். அடுத்தடுத்த நாட்களில் கண் வீக்கம் வடிந்தது, இருமல் நின்றது. எண் முப்பத்து மூன்றுக்கு வந்தது, முப்பதுக்கு வந்தது. கடைசியில் ஒரு காலை இருபத்து மூன்று என்று ட்யூபில் பார்த்ததும் நான் லேபிலேயே கையைத் தட்டிவிட்டேன். ஏழரை பாயிண்ட்! பாம்பு கடிப்பதற்கு முன்னால் இருந்த வளர்மதி, அவளுடைய பழைய சோகையோடு முழுசாகத் திரும்பி வந்துவிட்டாள்.

என் சந்தோஷம் கலியபெருமாள் வந்து நிற்கும் வரைக்கும்தான்.

"என்ன சார் பண்ணி வெச்சிருக்கீங்க? பதினாலு பாயிண்ட் இருந்தவளை ஏழரைக்குக் கொண்டாந்து விட்டுட்டீங்க! தினம் தினம் ஊசியால உறிஞ்சு எடுத்தீங்களே, அந்த ரத்தமெல்லாம் எங்க சார் போச்சு?"

பின்னால் சொந்தக்காரர்கள் இரண்டு மூன்று பேர். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. உன் பொண்டாட்டியைக் காப்பாற்ற நாங்கள் செத்துப் பிழைத்திருக்கிறோம், நீ என்னைத் திருடன் என்கிறாயா? நானும் கத்தினேன். நான்கு பேர் கூடிவிட்டார்கள். டாக்டர் வந்துதான் எங்கள் இருவரையும் அடக்கினார்.

"கலியபெருமாள், தயிரைத் துணியில கட்டித் தொங்க விட்டா கெட்டியாகும்ல? அப்ப தயிர் கூடிடுச்சுன்னு அர்த்தமா? தண்ணி வடிஞ்சிடுச்சுன்னுதானே அர்த்தம்? அதே மாதிரிதான். விஷத்துல அவங்க ரத்தத்துல இருந்த தண்ணி வடிஞ்சு கெட்டியாச்சு. இப்ப தண்ணி திரும்பி வந்திருக்கு."

"தயிர் கதையெல்லாம் எனக்கு வேணாம்மா. அவளுக்கு ரத்தம் கம்மியா இருக்கா, இல்லையா?"

"கம்மிதான். முன்னாடியும் கம்மிதான். மாத்திரை தரேன், ஒழுங்கா சாப்பிட்டா ஏறிடும்."

"மாத்திரையைத்தான் மூணு மாசமா சாப்புட்டாளே! அதுல ஏறுனதைத்தானே நீங்க இறக்கி விட்டுட்டீங்க!"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் டாக்டரைப் பார்த்தேன். மாட்டுத் தொட்டியின் பின்னால் கிடக்கிற மாத்திரைகளைப் பற்றி இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. அதைச் சொன்னால் சண்டை அந்த நொடியே முடிந்துவிடும். ஆனால் அது எங்கள் விஷயம் இல்லை.

கலியபெருமாள் சட்டென்று என் லேப் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மேலே சுருட்டினார். மூட்டை தூக்கி உருண்ட கை. "சரி. போனது போவட்டும். என் ரத்தத்தை எடுத்து அவளுக்கு ஏத்துங்க. எவ்வளவு வேணுமோ எடுத்துக்குங்க."

அந்தப் பேச்சைக் கேட்டதும் என் கோபம் போன இடம் தெரியவில்லை. "அவளுக்கு ரத்தம் ஏத்த வேண்டிய அவசியமில்லைன்னு மேடம் சொல்றாங்கல்ல" என்றேன். அவர் கேட்கவில்லை. டாக்டர் கண்ணைக் காட்டினார், பார்த்துவிடுங்கள் என்று. கூட்டத்தையும் அழைத்துக்கொண்டு வார்டுப் பக்கம் போய்விட்டார். நான் விரலில் குத்தினேன். பிசையவில்லை, தானாக வந்த சொட்டைத்தான் எடுத்தேன்.

எண்ணைப் பார்த்துவிட்டு இன்னொரு விரலில் குத்தினேன். அதே எண்தான்.

"என்ன சார், நல்லா இருக்கா?"

"கலியபெருமாள், மூட்டை தூக்குறப்ப உங்களுக்கு மூச்சு வாங்குதா?"

அவர் சிரிக்கப் பார்த்தார். "யாருக்குத்தான் சார் வாங்காது?"

"கண்ணு இருட்டுமா?"

நான் ஒன்பது பாயிண்ட் என்றேன். நீங்கள் யாருக்கும் ரத்தம் கொடுக்க முடியாது, முதலில் உங்களுக்கே வைத்தியம் பார்க்க வேண்டும் என்றேன். அவர் கதவை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இதை மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க சார். தெரிஞ்சா, அவ தட்டுல இருக்கறதையும் எனக்கே போட்டுட்டு வெறும் வயித்தோட படுத்துக்குவா."

நான் தலையாட்டினேன். அவர் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார். வார்டு வாசலில் நின்று, உள்ளே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"வளரு, என் ரத்தம் எக்கச்சக்கமா இருக்காம். ஆனா உனக்கு ஏத்த வேணாமாம், மாத்திரையே போதும்னுட்டாங்க."